பொட்டலப் பொடியில் வலி போகிறதா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன், வயது 38. மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். இரண்டு வருஷமாகக் கழுத்து, தோள், இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். வீட்டில் ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் கொண்டுவரும் மூலிகைப் பொடியில்தான் நான்கு மாதமாக நிம்மதி. தொடரலாமா?

பதில்: உங்கள் வலி நிஜம் அம்மா. இந்த வரியை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். நள்ளிரவில் எழுந்துவிடும் பிள்ளையோடு நீங்களும் விழித்திருப்பீர்கள். படிக்கட்டில் கையை உதறி ஓடுபவனை இழுத்துப் பிடிக்கிற தோள் உங்களுடையது. தூக்கம் கெட்டால் உடம்புக்குச் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். மகனின் தூக்கத்துக்கு அவனுடைய மருத்துவரிடம் வழி கேளுங்கள். உங்கள் வலிக்கும் அது வைத்தியம்தான்.

என் கவலையெல்லாம் அந்தப் பொடி. லேபிள் இல்லாத பொட்டலம், இரண்டே நாளில் வலி காணாமல் போகிறது, பசி கூடுகிறது, முகம் உப்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். பில் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்கள். தெரபி முடியக் காத்திருக்கும் அம்மாக்களிடம்தான் இவர்கள் வருகிறார்கள். அடுத்த மாதம் ‘பையனைக் குணப்படுத்தவும் மருந்து இருக்கிறது’ என்பார்கள். காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால், இன்றே தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த வாரமே பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய், என்றைக்கு ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள். சோதித்துவிட்டு, தேவையென்றால் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். அதற்குள் மயக்கம் வந்தால் நேரே அவசரப் பிரிவு. பொட்டலம் கையில் இருக்கட்டும். ரத்தச் சோகை, தைராய்டு இரண்டையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். கால் மரத்து, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றாலும் அன்றே போக வேண்டும்.

அப்புறம் பிசியோதெரபி. வாரம் மூன்று நாள் வா என்று எழுதிக் கொடுப்பவர்கள், அந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவாள் என்று கேட்பதே இல்லை. மகன் பெயரில் தடித்த ஃபைல் இருக்கும், அம்மா பெயரில் ஒரு ஓபி சீட்டுகூட இருக்காது. பல வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் நடக்கிறது. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மகன் பெயரை அல்ல.