மலையேறவும் ஓடவும் ஒரே வாட்ச் போதுமா?

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், நீச்சலும் உண்டு. சீசனில் வெள்ளியங்கிரி ஏறுவேன். 20,000 ரூபாய்க்குள் ஒரு வாட்ச் வாங்க நினைக்கிறேன். கடையில் 100 விளையாட்டு மோடு, 14 நாள் சார்ஜ் என்று அடுக்குகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அந்த 100 மோடு கணக்கை விட்டுவிடுங்கள். பலவற்றில் பெயர்தான் மாறும். பதிவாவது நேரமும் இதயத்துடிப்பும்தான்.

முதலில், ஜிபிஎஸ் வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்தவை பலவும் போனின் ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடுபவை. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், கையசைவை வைத்து தூரத்தை உத்தேசமாகச் சொல்லும்.

அடுத்தது சார்ஜ். 14 நாள் என்பது பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸை அணைத்து வைத்த கணக்கு. உங்களுக்கு வேண்டியது ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. இரவில் ஏறத் தொடங்கி மறுநாள் இறங்குகிறவருக்கு 15 மணி நேரத்துக்குக் குறைந்தது வேண்டாம் என்பேன். கார்மின் ஃபோர்ரன்னர் 55 சுமார் 20 மணி நேரம் தாங்கும் என்கிறது நிறுவனம். ஓட்டத்துக்கு நல்ல வாட்ச்தான். ஆனால் அதில் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் காற்றழுத்தமானி கிடையாது, அதனால் ஏறிய உயரத்தை அவ்வளவாக நம்ப முடியாது. மலை முக்கியம் என்றால் காற்றழுத்தமானி உள்ளதையே தேடுங்கள். கோரோஸ் பேஸ் 3-இல் அது உண்டு. பட்ஜெட்டைத் தாண்டுகிறதா என்று அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலை மாறினாலும் காற்றழுத்தம் மாறும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அதை அளக்கும் அலகு) குறைந்தாலே சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டும். அதனால் கிளம்பும் முன் அடிவாரத்தின் உயரத்தைச் சரியாகப் பதிந்துவிடுங்கள்.

எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளில் ஜிபிஎஸ் சிக்னலை வாங்கும் வசதி, பாறையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பும் சிக்னலால் பாதை கோணலாவதைக் குறைக்கும். இருந்தால் நல்லது. திறந்த மைதானத்தில் ஓட அது அவசியமில்லை, சார்ஜும் சீக்கிரம் இறங்கும்.

இதயத்துடிப்பைப் பச்சை ஒளியால் அளக்கும் சென்சார் சீரான ஓட்டத்தில் ஓரளவு சரியாக இருக்கும். வேகம் சட்டென மாறும்போதும், கைத்தடியை இறுக்கிப் பிடிக்கும்போதும் தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கமாகக் கட்டுங்கள். தீவிரப் பயிற்சி என்றால், விலை உயர்ந்த வாட்சுக்குத் தாவுவதைவிட இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை ஒன்று தனியாக வாங்குவது புத்திசாலித்தனம். கலோரிக் கணக்கை மட்டும் நம்பிச் சாப்பிடாதீர்கள்! 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, அவற்றில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

நீச்சலுக்கு 5 ஏடிஎம் (தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) போதும். 50 மீட்டர் ஆழம் வரை மூழ்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஸ்கூபாவுக்கு அது ஆகாது. குளத்தின் நீளத்தை முதலில் பதிந்தால் சுற்றுகளை அதுவே எண்ணும். தண்ணீருக்குள் ஜிபிஎஸ் கிடைக்காது.

அப்புறம் ஒரு விஷயம். இந்த விலையில் கிடைக்கும் ஜிபிஎஸ் வாட்ச் செயற்கைக்கோள் சிக்னலை வாங்குமே தவிர அனுப்பாது. போன் டவர் இல்லாத காட்டில் உதவிக்கு அழைக்க இது பயன்படாது. அதற்கான செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆகவே எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.