பொம்மை நெஞ்சில் ஸ்டெத் வைத்தால்: வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: எங்கள் நர்சிங் கல்லூரியில் இதய ஒலி, நுரையீரல் ஒலி கேட்கிற பயிற்சிப் பொம்மை வாங்கியிருக்கிறார்கள். ரிமோட்டில் இருக்கும் ஒலிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறேன். அன்றைக்கு மாணவிகள் சரியாகச் சொல்கிறார்கள், அடுத்த வாரம் கேட்டால் முழிக்கிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது டாக்டர்? (ஆசிரியை, நாமக்கல்)

பதில்: முதலில் அந்தப் பட்டியலை வரிசையாகப் போட்டுக் காட்டுவதை நிறுத்துங்கள். ஒரே மணி நேரத்தில் இருபது ஒலி கேட்டால் யாருக்கும் எதுவும் தங்காது. முதல் வகுப்பில் நோய் ஒலிகளைத் தொடவே வேண்டாம். நார்மல் இதயத்தை மட்டும் ஓடவிட்டு, ஒரு கையால் கழுத்து நாடியைத் தொட்டபடி கேட்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் கழுத்து நாடி துடிக்கும், உங்களுடையதில் இல்லையென்றால் மாணவிகள் ஒருவரையொருவர் பரிசோதிக்கட்டும். நாடி விரலில் தட்டும்போது வருவது 'லப்', அதாவது மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகள் மூடுகிற ஒலி. அடுத்து வரும் 'டப்' அயோர்டிக், பல்மனரி வால்வுகள் மூடுகிற ஒலி. இது விரலுக்கும் காதுக்கும் சேர்ந்து பழகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அப்புறம் மர்மருக்கு, அதாவது வால்வு சுருங்கினாலோ கசிந்தாலோ ரத்தம் பாயும்போது வரும் 'ஷ்ஷ்' இரைச்சலுக்கு, வாருங்கள். அப்போதும் 'என்ன நோய்?' என்று கேட்காமல் 'எப்போது வருகிறது?' என்று கேளுங்கள். லப்புக்கும் டப்புக்கும் நடுவிலா, டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவிலா? அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது, எங்கே சத்தமாக இருக்கிறது, எந்தப் பக்கம் பரவுகிறது. அயோர்டிக் வால்வு சுருங்கினால் மர்மர் கழுத்துக்கு ஏறும், மைட்ரல் வால்வு கசிந்தால் பெரும்பாலும் அக்குள் பக்கம் போகும். இந்த இரண்டையும், நடுநடுவே நார்மலைக் கலந்து, மாற்றி மாற்றிப் போடுங்கள். ஸ்கிரீனை யாருக்கும் காட்டாதீர்கள், பெயர் தெரிந்துவிட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும். கேட்டதை வாயால் 'லப்-ஷ்ஷ்-டப்' என்று சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படுவார்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. வாயால் சொல்லிக் காட்ட முடிந்த ஒலி சீக்கிரம் மறக்காது.

நுரையீரலுக்கு ஒரே விதிதான்: வலப்பக்கம் கேட்ட அதே இடத்தை உடனே இடப்பக்கமும் கேட்க வேண்டும். முன்பக்கத்தோடு நிறுத்தாமல் முதுகின் அடிப்பகுதிக்குக் கட்டாயம் போக வேண்டும், இதயம் தளர்ந்து நீர் தேங்கும்போது முதல் சத்தம் பெரும்பாலும் அங்கேதான் கேட்கும். அந்த நுண்ணிய கரகரப்பு எப்படி இருக்கும் என்று காட்ட, காதோரத் தலைமுடியில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே தேய்க்கச் சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும்.

மறப்பதற்கு மருந்து, திரும்பத் திரும்பக் கேட்பதுதான். அமெரிக்காவில் ஓர் ஆய்வில் மருத்துவ மாணவர்களை ஒவ்வொரு மர்மரையும் 500 முறை கேட்க வைத்தார்கள், அடையாளம் காணும் திறன் நன்றாகவே கூடியது. அதனால் ஒலிப்பதிவுகளை மாணவிகளின் போனுக்கே கொடுத்துவிடுங்கள், பஸ்ஸில் இயர்போன் மாட்டிக் கேட்கட்டும். பொம்மையை இடம், நாடி, நேரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், கல்லூரிப் பயிற்சிக்கூடமான ஸ்கில் லேப் பொம்மையில் எல்லாம் சரியாகச் சொல்கிறேன். வார்டுக்குப் போனால் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குக் காதில் கோளாறா? (எம்.பி.பி.எஸ். மாணவர், மதுரை)

பதில்: காது நன்றாகத்தான் இருக்கும் தம்பி. பொம்மைக்குள் இருப்பது ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள், அறையும் அமைதியாக இருக்கும். வார்டில் மின்விசிறி, பக்கத்துக் கட்டில் பேச்சு, நோயாளியின் மூச்சு எல்லாம் சேர்ந்து வரும். 1997இல் அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களைச் சோதித்தபோது அவர்களே ஐந்தில் ஒரு இதய ஒலியைத்தான் சரியாகச் சொன்னார்கள், அதனால் மனம் தளர வேண்டாம்.

ஆனால் சில விஷயங்களை ஒழுங்காகச் செய்யுங்கள். ரவிக்கை மேல், சட்டை மேல் ஸ்டெத்தை வைக்காதீர்கள். நோயாளியிடம் சொல்லிவிட்டு விசிறியை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது மைட்ரல் வால்வு சுருக்கம், சந்தேகமா? நோயாளியை இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, இதயத் துடிப்பு கைக்குப் படுகிற இடத்தைத் தேடி, அங்கே ஸ்டெத்தின் மணிப்பக்கத்தை, பெல்லை, மெதுவாக வையுங்கள். அழுத்தினீர்களோ போச்சு, தோல் இழுபட்டு அதுவே ஸ்டெத்தின் தட்டைப்பக்கமான டயாஃப்ரம் மாதிரி ஆகிவிடும், அந்தத் தாழ்ந்த உறுமல் காணாமல் போகும். அயோர்டிக் வால்வு கசிவுக்கு நேர்மாறு: உட்காரவைத்து, முன்னால் குனியச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரத்தில் டயாஃப்ரத்தை நன்றாக அழுத்திக் கேட்க வேண்டும். இப்படித் திருப்பி, குனியவைத்துக் கேட்பதைப் பொம்மையிடம் கற்க முடியாது. லேபிலும் பொம்மையின் வால்யூமைக் குறைத்து, விசிறியைப் போட்டுவிட்டுப் பழகிப் பாருங்கள்.

கேள்வி: இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ வந்த பிறகு ஸ்டெத் எதற்கு? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எக்கோ எடுக்கச் சொல்ல வேண்டும் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே! ருமேட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியது தெரியாமலே கர்ப்பமாகி, பாதியில் மூச்சுத் திணறலோடு வரும் பெண்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். முதல் செக்கப்பிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாராவது அந்த மர்மரைக் கேட்டுவிட்டால், மற்றதெல்லாம் நேரத்தில் நடக்கும். நைட் டியூட்டி நர்ஸ் விஷயமும் அதுதான். டிரிப் அதிகமாக ஏறி, மாலையில் சுத்தமாக இருந்த முதுகில் இரவில் கரகரப்பு வந்தால், அதைக் கண்டுபிடிக்க எக்கோ மெஷினும் வராது, கார்டியாலஜிஸ்டும் வரமாட்டார். அங்கே அந்த நர்ஸின் காதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: என் மகள் மருத்துவம் படிக்கிறாள். பொம்மையை வைத்துப் பாடம் எடுக்கிறார்களாம். மனுஷரைத் தொடாமலே டாக்டர் ஆகிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (தாய், கோவை)

பதில்: பயம் வேண்டாம் அம்மா, இது புதிய விஷயமும் இல்லை. 1816இல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1968இல் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன் இதய நோய்களைக் காட்டும் பொம்மையை அறிமுகம் செய்து, அதற்குத் தன் ஆசிரியர் ப்ராக்டர் ஹார்வியின் பெயரை வைத்தார். அதன் கழுத்தில் நாடியும், நெஞ்சில் துடிப்பும் தொட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது ஸ்கில் லேப் எல்லாக் கல்லூரிக்கும் கட்டாயமானது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நல்ல மர்மர் உள்ள ஒரு நோயாளி பரீட்சை நேரத்தில் வார்டில் படுத்திருந்தால், ஒருவர் பின் ஒருவராக மாணவர்கள் வந்து ஸ்டெத் வைப்பார்கள். மூச்சு வாங்கும் ஓர் ஏழை அம்மா, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல், மாராப்பை விலக்கிக்கொண்டு மணிக்கணக்கில் படுத்துக்கிடப்பார். இது சரியே இல்லை, எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. முதல் நூறு தடவை தப்பும் தவறுமாகக் கேட்பதற்குத்தான் பொம்மை. அதற்குப் பிறகு உங்கள் மகள் கட்டாயம் நோயாளியிடம் போவாள், போக வேண்டும். பொம்மையின் மேலும் துணி போர்த்தி, 'அம்மா, நெஞ்சுல வச்சுக் கேக்கறேன், கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்' என்று சொல்லிவிட்டுத் தொடங்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். அந்தப் பழக்கமும் லேபிலேயே வந்துவிட வேண்டும்.

கேள்வி: கல்லூரிக்குப் புதிதாக வாங்கப்போகிறோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (நிர்வாகி, ஈரோடு)

பதில்: அவரவர் சொந்த ஸ்டெத்தை வைத்தே கேட்க முடிகிறதா, அல்லது கம்பெனி தரும் தனி ஸ்டெத்தில் மட்டும்தான் கேட்குமா என்று முதலில் கேளுங்கள். தனி ஸ்டெத் என்றால் அது பழுதாகும் நாளில் வகுப்பும் நின்றுவிடும். முதுகில் நுரையீரல் ஒலி வருகிறதா, நாடியும் இதய ஒலியும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று ஸ்டெத்தையும் விரலையும் வைத்து நீங்களே பாருங்கள். பொம்மையின் உள்ளேயிருந்து மோட்டார் இரைச்சல் வந்தால் வாங்காதீர்கள், பிள்ளைகள் அதையே மர்மர் என்பார்கள். நூறு ஒலிகள் இருக்கின்றன என்று விற்பவர் சொன்னால் அதற்கு மயங்க வேண்டாம், பத்துப் பன்னிரண்டு ஒலிகள் தெளிவாக இருந்தாலே போதும். முடிந்தால் வகுப்பெடுக்கப்போகும் ஆசிரியரையும் கூட அழைத்துப்போங்கள்.