பெங்களூரு கம்பெனிக்குப் படம் எடுத்தால் ஜிஎஸ்டி கட்டாயமா?

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். ஓஎம்ஆரில் பார்த்த ஐடி வேலையை விட்டுவிட்டு, கோவளத்தில் சர்ஃபிங், வார இறுதியில் மலையேற்றம் என்று படம் எடுத்து வருகிறேன். இதையே தொழிலாக்க ஆசை. டிரெக்கிங் பை, டென்ட் தயாரிக்கும் ஒரு பெங்களூரு கம்பெனி என் படங்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறது. 85,000 ரூபாய் பணம், கூடவே 32,000 ரூபாய் மதிப்புள்ள டென்ட், பை, ஷூ. வெளிமாநில கம்பெனி என்பதால் ஜிஎஸ்டி கட்டாயம், பிரைவேட் லிமிடெட் இருந்தால்தான் மதிப்பார்கள் என்று ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். எல்லாம் சேர்த்து 24,500 ரூபாய் பேக்கேஜாம். கம்பெனியின் வெண்டர் ஃபாரத்திலும் ஜிஎஸ்டி எண் கேட்கிறார்கள். கட்டிவிடலாமா சார்?
– வாசகி, தாம்பரம்

பதில்: கட்டாதீர்கள்.

இனி காரணம். கன்சல்டன்ட் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. வெளிமாநிலத்துக்கு விற்பவர் ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரு விதி இருப்பது நிஜம். ஆனால் 2017 ஜூலையில் சட்டம் வந்தது, அதே ஆண்டு அக்டோபரிலேயே சேவை தருபவர்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு வந்துவிட்டது. நீங்கள் செய்வது சேவை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பெங்களூரு கம்பெனிக்கும் செய்யலாம், டெல்லி கம்பெனிக்கும் செய்யலாம். பதிவு வேண்டாம். இத்தனை வருடம் கழித்தும் பழைய விதியை மட்டும் படித்துக் காட்டிப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், விலக்கை எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்ல அரசாங்கத்தில் யாருக்கும் நேரமில்லை என்று அர்த்தம்.

இந்த விலக்கு சேவைக்கு மட்டும்தான். உங்களைப் போன்றவர்கள் வழுக்கி விழுகிற இடம் அது என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அலைப் படங்களை ஃபிரேம் போட்டு விற்கலாமே, காலண்டர் போடலாமே, டி-ஷர்ட் அச்சடிக்கலாமே என்று ஒரு நாள் தோன்றும். அது சரக்கு. காலண்டரை தி.நகருக்கு அனுப்பினால் அந்தப் பணம் உங்கள் 20 லட்சக் கணக்கில் சேரும், அவ்வளவுதான். அதே காலண்டரை மைசூருக்குக் கூரியரில் அனுப்பினால், ஒரே ஒரு காலண்டராக இருந்தாலும், அனுப்பும் முன்பே பதிவு இருக்க வேண்டும். பெங்களூரில் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டு விற்றாலும் தப்பிக்க முடியாது, அங்கே தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். கோவளம் கடற்கரைக்கு வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் ஃபிரேமைக் கையில் வாங்கிக்கொண்டு போனால்? அது உள்ளூர் விற்பனை, பில்லில் அவருடைய பெங்களூரு விலாசத்தை நீங்கள் எழுதாத வரை. சிரிப்பு வருகிறதா? சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே சரக்கு விற்கும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றுக்கொள்ளுங்கள்.

‘பதிவு எடுத்து வைத்தால்தான் என்ன, சும்மா இருக்கட்டுமே’ என்பார்கள். ஜிஎஸ்டி பதிவு சும்மா இருக்காது. வரவே இல்லாத காலத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் ‘நில்’ ரிட்டர்னுக்குக்கூட நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பரில் உங்களுக்கு வேலை குறையும், ரிட்டர்ன் குறையாது. அதைப் போட்டுத்தர மாதாமாதம் ஃபீஸ் வாங்குவதுதான் அந்த பேக்கேஜின் உள்நோக்கம். பிரைவேட் லிமிடெட் இன்னும் மோசம். வரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஆடிட், கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் என்று செலவு வைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பெயரில் ஒரு பேன், தனியாக ஒரு பேங்க் அக்கவுண்ட், வரிசை எண் போட்ட பில். இப்போதைக்கு இது போதும்.

வெண்டர் ஃபாரத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தால் அவர்கள் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொள்ளாது, அதனால் கேட்கிறார்கள். ‘என் ஆண்டு வரவு வரம்புக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை’ என்று கையெழுத்துப் போட்ட ஒரு டிக்ளரேஷன் கொடுங்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறவர்களுக்கு அது புதிதல்ல. நீங்கள் வரி போடாததால் கம்பெனிக்கு நஷ்டமும் இல்லை.

அந்த பேக்கேஜில் உருப்படியான ஒன்று இருக்குமானால் அது உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர் என்று மத்திய அரசிடம் பதிந்துகொள்வது. ஆனால் அது இலவசம். மத்திய அரசின் உத்யம் போர்ட்டலில் ஆதார், பேன் இரண்டையும் வைத்து நீங்களே உட்கார்ந்து முடித்துவிடலாம். கவனம்: தேடினால் முதலில் வந்து நிற்பவை அசல் போலவே சிங்க முத்திரை, மூவண்ணம் எல்லாம் போட்ட தனியார் தளங்கள். கடைசிப் பக்கத்தில் ‘கட்டணம்’ என்று கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். அசல் தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடியும். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உத்யம் எதற்கு? பணம் வருவதற்கு. உங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவர்களுக்கு, எழுதிக்கொண்ட கெடுவுக்குள் பணம் தர வேண்டும். என்ன எழுதிக்கொண்டாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதிக்கொள்ளவில்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டுச் சட்டம் இது. இப்போது இன்னொரு பிடியும் சேர்ந்திருக்கிறது. கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை, பணம் கொடுக்கும் வரை கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ்காரர்கள் திடீரென்று அன்பாகப் பேசுவதற்கு இதுதான் காரணம். வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்து, பில்லின் தலையிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். படங்களை மெயிலில் லிங்க்காக அனுப்பி, ‘இன்று ஒப்படைத்துவிட்டேன்’ என்று தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. வாட்ஸ்அப்பில் வந்த ‘சூப்பர்’ சாட்சிக்கு உதவாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மெயில்தான் கெட்டி.

பணம் வரவே இல்லை என்றால், சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளைத் தீர்க்க அதே சட்டம் அமைத்த கவுன்சிலில் முறையிடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அது எந்தக் காலண்டரின் 90 நாள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதனால்தான் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கச் சொல்கிறேன். மலை ஏறிய பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

நடுவில் ஒரு ஏஜென்சி புகுந்தால் இன்னும் உஷார். ‘கிளையன்ட் கொடுத்ததும் கொடுத்துவிடுகிறோம்’ என்பது அவர்கள் மந்திரம். கிளையன்ட்டோடு ஒப்பந்தம் போட்டது நீங்களா? இல்லை. உங்களுக்குப் பணம் தர வேண்டியவர் ஏஜென்சிக்காரர், அவருக்கும் அதே 45 நாள்தான். இந்த மந்திரத்தை நம்பி வருடக்கணக்கில் அலைந்தவர்களின் ஃபைல்கள் என் மேஜையில் எப்போதும் இருக்கும்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எனக்கு ஜிஎஸ்டியைவிட அதுதான் பெரிய கவலை: படங்கள் யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்குத்தானே என்று நினைத்திருப்பீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். வீடியோவுக்கும் அப்படியே. பேசாமல் இருந்தால் உரிமை போய்விடும். அதனால் வேலை தொடங்கும் முன்பே இந்த மாதிரி நாலு வரி அனுப்பி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள்: ‘படங்களின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். உங்கள் இணையதளத்திலும் சமூக ஊடகங்களிலும் கடைப் பலகைகளிலும் இந்தியாவுக்குள் 2 ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம்.’

பெரிய கம்பெனி இதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சரி, அப்போது விலையை ஏற்றிக் கேளுங்கள். இன்ஸ்டாகிராமில் போடும் படத்துக்கு ஒரு விலை, நாடு முழுக்கக் கடைகளில் பேனராகத் தொங்கும் படத்துக்கு இன்னொரு விலை. ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்களாகவே கோவளத்தில் எடுத்து வைத்திருக்கும் பழைய படங்கள் முழுக்க உங்களுடையவை. ‘அந்த ரெண்டு வேவ் ஷாட்டையும் இதோட சேர்த்து அனுப்பிடுங்களேன்’ என்று போனில் கேட்பார்கள். அனுப்பினால், ‘ஒப்படைத்த படங்கள் அனைத்தும் எங்களுக்கே நிரந்தரம்’ என்று வெண்டர் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் வரிக்குள் அவையும் போய்ச் சேரும். அவற்றுக்குத் தனி பில், தனி அனுமதி. படத்தில் முகம் தெரியும் சர்ஃபர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள், பணமும் கொடுங்கள். பாதிப் பேர் அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், அவர்கள் முகத்தை வைத்துத்தான் பை விற்கப் போகிறது.

காட்டில் படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன பிறகு அனுமதியில்லாமல் மலையேறுவது விளையாட்டுக் காரியமில்லை. தமிழக அரசின் ‘டிரெக் தமிழ்நாடு’ தளத்தில் ஆன்லைனில் பதிவு செய்தால் நடக்க அனுமதி கிடைக்கும். அந்த டிக்கெட்டை வைத்து விளம்பர ஷூட் நடத்தலாம் என்று எண்ணாதீர்கள். சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். எந்த மேஜையில் ஃபைல் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் சீசன் முடிந்து, தீ அபாயத்துக்காகப் பாதையையே மூடிவிடுவார்கள். ஆகவே அனுமதி வாங்குவது கம்பெனியின் பொறுப்பு, செலவும் அவர்களுடையது என்று அதே மெயிலில் எழுதுங்கள். டிரோன் வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள பைலட்டை அவர்களே அழைத்து வரட்டும். மாமல்லபுரம் சிற்பங்களுக்கு மேல் பறக்கவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக அந்த டென்ட், பை, ஷூ. இலவசம் என்று நினைக்காதீர்கள், அதுவும் வருமானம். ஒரு கம்பெனி ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால் அதன் மதிப்பில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி, பிடிக்க வேண்டும். பொருளிலிருந்து துணியை வெட்டி எடுக்க முடியாதே, அதனால் உங்கள் பணத்தில்தான் கை வைப்பார்கள். பணத்துக்கும் அதே 10 சதவீதம்தான். 85,000 ரூபாய்க்கு 8,500, பொருளுக்கு 3,200, கைக்கு வருவது 73,300. ஆண்டு வருமானம் புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் என்றால் ரிட்டர்ன் போட்டு அத்தனையும் திரும்ப வாங்கலாம். பிடித்த தொகை உங்கள் பேனில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி போர்ட்டலில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு.

டென்ட் ஷூட்டுக்கு மட்டும் வந்து திரும்பிப் போகும் என்றால் அதற்கு டிடிஎஸ் கிடையாது. அனுப்பிய கூரியர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் பையும் ஷூவும் மட்டும் கேளுங்கள், 20,000க்குள் அடங்கும். டென்ட்டுக்கு உண்டானதைப் பணமாகப் பில்லில் ஏற்றுங்கள். மாத வாடகைக்கு வீட்டுக்காரரிடம் டென்ட்டைக் கொடுக்க முடியாது, பாருங்கள்.