பாட்டு திக்கினால் போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: லேப்டாப்பில் பாட்டு கேட்கும்போது அடிக்கடி 'டப்'பென்று வெட்டி, கரகரத்துவிட்டு மறுபடி ஓடுகிறது. சவுண்ட் சிப் போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முதலில் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். கணினியில் சேமித்து வைத்திருக்கும் ஒரு பாட்டை ஓடவிடுங்கள், ஸ்ட்ரீமிங் கூடாது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குப் போய், நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் இருக்கும் வைஃபையை டிஸேபிள் செய்யுங்கள். பத்து நிமிடம் கேளுங்கள். கரகரப்பு நின்று, எனேபிள் செய்ததும் திரும்ப வந்தால் தப்பு வைஃபை டிரைவரிடம்தான், அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளிடம்.

வைஃபைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரை ஒருவரே பிடித்துவைத்துப் பேசினால் அடுத்த இலைக்காரர் வெறும் சோற்றோடு காத்திருப்பார் இல்லையா? விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி விநாடிக்கான ஒலியைத்தான் ஒரு தடவைக்குப் பரிமாறுகிறது. வைஃபை டிரைவர் அக்கம்பக்கத்து சிக்னலைத் தேடக் கிளம்பி, பிராசஸரை அதற்குமேல் பிடித்துக்கொண்டால் ஒலி அறுந்துபோகும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிராசஸரை அதிக நேரம் பிடித்துவைப்பது யார் என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பாட்டோடு சேர்த்து ஓடவிடுங்கள். அதில் 'என்டிஐஎஸ்' என்ற பெயர் மேலே வந்தால் பதறி அதை அழித்துவிடாதீர்கள். அது விண்டோஸின் சொந்த நெட்வொர்க் பகுதி. பின்னால் நின்று இழுப்பது பெரும்பாலும் வைஃபை டிரைவர்.

தப்பு டிரைவரிடம்தான் என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் வைஃபையின் பிராபர்ட்டிஸ், டிரைவர், ரோல் பேக் என்று போய்ப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே வேறு பதிப்பை இறக்குங்கள். தயவுசெய்து 'உங்கள் 23 டிரைவர்கள் பழையவை' என்று சிவப்பில் மிரட்டும் அப்டேட்டர்கள் பக்கம் போகாதீர்கள். காசையும் வாங்கிக்கொண்டு, சம்பந்தமில்லாத டிரைவரையும் ஏற்றிவிடும். அப்படி ஏற்றியதில் டச்பேடும் படுத்துப்போன லேப்டாப் ஒன்று என் மேஜைக்கே வந்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் கேட்பது புளூடூத் ஹெட்போனிலா? அப்படியானால் மேலே சொன்ன சோதனை ஏமாற்றிவிடும். புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். வைஃபையை நிறுத்தியதும் பாட்டு சரியாவது அதனாலும் இருக்கலாம், டிரைவர் மேல் பழி வராது. வயர் ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். அதில் சுத்தமாக ஓடினால் டிரைவரைத் தொடவே வேண்டாம், ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாறுங்கள். வயரிலும் திக்கினால்தான் டிரைவர் கதை.

அப்புறம், பழைய டிரைவரை நீங்கள் பாடுபட்டுப் போட்ட மறுவாரமே விண்டோஸ் அப்டேட் வந்து, கேட்காமலே புதியதை ஏற்றிவிடலாம். இத்தனை வருடமாகியும் இதற்கு ஒரு சாதாரண 'வேண்டாம்' பட்டனை வைக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. மறுபடி திக்க ஆரம்பித்தால் முதலில் டிரைவரின் தேதியைப் பாருங்கள். பொறுமை போய்விட்டால் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் வயரை இழுத்துச் செருகிவிட்டு வைஃபையை டிஸேபிளிலேயே விட்டுவிடுங்கள்.