லக்கா விடாமுயற்சியான்னா, நடுவுல ரூம் வாடகைன்னு ஒண்ணு இருக்கு

"சீரியல், சினிமான்னு உள்ள நுழைய அதிர்ஷ்டம் வேணுமா, விடாம முயற்சி பண்ணா போதுமா"ன்னு கேட்டிருக்கீங்க. நான் இப்ப ஒரு சீரியல்ல அசோசியேட் டைரக்டர். ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், அப்பாவுக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டுற வேலை.

எனக்கு அடிச்ச லக்கு இதுதான். முட்டத்துல ஒரு சீரியல் ஷூட்டிங், வேடிக்கை பாக்கப் போனேன், மீன்காரி வேஷம் போட்ட அக்காவுக்கு நம்ம பேச்சு வாயில வரவே மாட்டேங்குது, ப்ராம்ப்ட் பண்ற பையன் மதுரைக்காரன், டைரக்டர் கடுப்பாகி "இந்த ஊர் பேச்சு யாருக்குடா தெரியும்"னு கத்த, நான் கையைத் தூக்கிட்டேன். உள்ளதச் சொன்னா கடக்கரைப் பேச்சு வேற, எங்க மலையோரப் பேச்சு வேற. ரெண்டு வரி சொல்றதுக்குள்ள அங்க நின்ன ஒரு அம்மா "எலே, நாங்க இப்படியா பேசுதோம்"னு சிரிச்சிட்டாங்க. நல்லவேளை டைரக்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ப்ராம்ப்ட்டுன்னா, கேமரா பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, ஆர்ட்டிஸ்ட் பேசவேண்டிய வரிய ஒரு நொடி முன்னாடி நாம சொல்லணும். டப்பிங் பின்னாடிதான், அதனால நம்ம சத்தம் விழுந்தா பரவால்ல, ஆனா கொஞ்சம் லேட்டாச்சுன்னா அவங்க கண்ணு நம்ம பக்கம் திரும்பிரும், டேக் போச்சு. மூணு நாள் பேட்டாவும் (தினப்படி) மேனேஜர் நம்பரும் கிடைச்சுது.

அவ்ளோதான் லக்கு. அதுக்கப்புறம் ஒண்ணேகால் வருஷம் அந்த மேனேஜர் போனே எடுக்கல. சென்னை சாலிகிராமத்துல ஒரு ரூம்ல அஞ்சு பேரு, என் பங்கு வாடகை அப்பா அனுப்பணும். மழை பெஞ்சா பால்வெட்டு கிடையாது, நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, அதனால சென்னையில மண்டைய பொளக்கிற வெயில்ல நின்னுக்கிட்டு "அங்க மழையாப்பா"ன்னு போன்ல கேப்பேன். வாடகை வருமா வராதான்னு அதுலயே தெரிஞ்சிரும்.

எங்க ஊர்ல சினிமான்னாலே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை இழுப்பாங்க. ஒழுகினசேரியில 1908ல பொறந்து, நாடகக் கம்பெனியில வருஷக்கணக்கா கெடந்து, 1936ல சதிலீலாவதி. அதே படத்துல அறிமுகமான எம்ஜிஆர் ஹீரோவாக 1947ல ராஜகுமாரி வரவேண்டியிருந்துச்சு. பதினொரு வருசம்! ரூம்ல இதைச் சொல்லித்தான் ஆறுதல் பட்டுக்குவோம். ஆனா மக்கா, நாடகக் கம்பெனியில சோறு போட்டு தங்கவும் இடம் குடுத்தாங்க, அதை யாரும் சொல்றதில்ல.

திங்கக்கிழமையானா வளசரவாக்கத்துல ஷூட்டிங் நடக்குற வீட்டு கேட்ல போய் நிப்பேன். வாட்ச்மேனே சாயா வாங்கிக் குடுக்குற அளவுக்கு பழகிட்டோம். ஒருநாள் ப்ராம்ப்ட் பண்றவனுக்கு தொண்டை கட்டிருச்சு, மேனேஜர் வெளிய வந்து பாத்தா நான் நிக்கிறேன். இதை லக்கு கணக்குல எழுதவா முயற்சி கணக்குல எழுதவான்னு எனக்கே தெரியல.

இப்ப டைட்டில்ல பேரு வருது. அப்பாகிட்ட "பாத்தியாப்பா"ன்னு கேட்டேன். "கண்ணாடிய எடுக்குததுக்குள்ள ஓடிப்போச்சு டே, நாளைக்கு மாட்டிட்டே இருக்கேன்"னாரு.