விரல் நுனி போனால்: கைச் சீரமைப்பு மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: பைக் செயினில் சிக்கி மகனின் விரல் நுனி துண்டானது. துண்டை ஐஸ் கட்டிகளுக்குள் போட்டு ஓடினோம். கெட்டுவிட்டது என்றார்கள். தவறு எங்கே?

ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஆனால் செயினில் நசுங்கிய துண்டை எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தாலும் பலமுறை ஒட்ட வைக்க முடிவதில்லை. உங்களை நொந்துகொள்ளாதீர்கள், அம்மா.

கேள்வி: எனக்கு எலும்பு தெரிகிறது. எலும்பைக் குறைத்துத் தைக்கலாம் என்கிறார் ஒருவர், தோல்மடல் (ரத்த ஓட்டம் அறாமல் அருகிலிருந்து நகர்த்தி மூடும் தோல்) வைக்கலாம் என்கிறார் மற்றொருவர். எதைக் கேட்பது?

முதலில் வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். நகத்தின் பக்கம் அதிகம் போய், உள்ளங்கைப் பக்கச் சதை மிஞ்சியிருந்தால், அச்சதையை ‘வி’ வடிவில் வெட்டி முன்னே நகர்த்தி ‘ஒய்’ வடிவில் தைக்கலாம். அதே விரலின் தோல் என்பதால் உணர்வு பெரும்பாலும் நிலைக்கும். உள்ளங்கைப் பக்கச் சதையே போயிருந்தால் நகர்த்த அங்கே எதுவும் இருக்காது. அப்போது பக்கத்து விரலின் முதுகுத் தோலைப் புத்தகத் தாள்போலத் திருப்பிக் காயத்தில் தைப்போம். இரண்டு விரல்களும் இரண்டு, மூன்று வாரம் ஒட்டியே இருக்கும், பிறகு பிரிப்போம். வயதானவர்களுக்கு அதற்குள் மூட்டு இறுகிவிடும் என்பதால் அவர்களுக்கு இதைத் தயங்கியே செய்கிறேன். எலும்பைக் குறைப்பதும் தவறான வழியல்ல. சீக்கிரம் வேலைக்குத் திரும்பியாக வேண்டியவருக்கு அதுவே நல்லது. ஆனால் நகத்துக்கு அடியில் எலும்பு இல்லாவிட்டால் நகம் கொக்கிபோல வளைந்து வளரும். அதைத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

கேள்வி: எலும்பு தெரியாத சிறு காயத்துக்கும் அறுவை வேண்டுமா?

வேண்டாம். ஈரம் காக்கும் கட்டுப் போட்டால் சில வாரங்களில் தானே மூடும். குழந்தைகளுக்கு வியக்கும்படி ஆறும்.

கேள்வி: கட்டைவிரல் என்றால்?

அதன் நீளத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஸ்வீடனின் கை அறுவை மருத்துவர் எரிக் மோபெர்க் 1964-இல் விவரித்த முறையில், உள்பக்கத் தோலை இரு பக்க நரம்புகளோடும் ரத்தக் குழாய்களோடும் சேர்த்தே முன்னே நகர்த்துகிறோம். பெரிய காயத்துக்கு அது எட்டாது.

கேள்வி: ஆறு மாதமாகியும் குளிரில் விரல் கூசுகிறதே, டாக்டர்?

பலருக்கும் அப்படித்தான்; மெல்லக் குறையும். விரலை ஒளித்து வைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அரிசி, நாணயம், துணி என்று தொட்டு அடையாளம் சொல்லிப் பழகுங்கள்.