நர்ஸ் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, போன வாரம் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமான இரவே ரத்தப்போக்கில் இறந்துவிட்டாள். நைட் டூட்டி நர்ஸை சஸ்பெண்ட் செய்தார்கள். போனில் ‘வர்றேன்’ என்று சொன்ன டாக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் தவறினால் விதி, நர்ஸ் தவறினால் குற்றமா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நியாயமே இல்லை. சட்டத்திலேயே அந்த வித்தியாசம் இருப்பதுதான் கொடுமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவைப் பாருங்கள். கவனக்குறைவால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது செய்தால் 2 ஆண்டு வரைதான். நர்ஸும் மருத்துவச்சியும் டாக்டர்கள் பதிவேட்டில் இல்லாதவர்கள். அவர்களுக்கு அந்த 5 ஆண்டுதான். ஒரே கட்டிலருகே நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு அளவுகோல்.

டாக்டர்களை எடுத்த எடுப்பில் ஜெயிலில் தள்ளச் சொல்லவில்லை. சாதாரணத் தவறெல்லாம் கிரிமினல் குற்றமாகாது, பெரும் அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் வழக்குத் தொடரக் கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. பயந்துபோன டாக்டர் சிக்கலான கேஸைத் தொடவே மாட்டார். பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார். ஆனால் அந்த நிதானத்தை நர்ஸ் விஷயத்திலும் காட்ட வேண்டாமா?

குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. அரை லிட்டர் போனாலே அபாயம். அடிவயிற்றைத் தேய்த்துவிடுவது, ஊசி போடுவது, சலைன் ஏற்றுவது, டாக்டரைக் கூப்பிடுவது இவ்வளவும் நர்ஸ் வேலை. அப்படியும் நிற்காவிட்டால் ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். அதற்கு டாக்டர் வந்தாக வேண்டும். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அண்ணியின் கேஸ் ஷீட்டை நானே வாங்கிப் பார்த்தேன். பத்து மணி, பத்தரை, பதினொன்று என்று விடிய விடிய எடுத்ததாகச் சொன்ன பி.பி.யும் நாடியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தன. விடிந்தபிறகு உட்கார்ந்து எழுதியது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணி பிழைத்தார், குழந்தை இல்லை. எங்களுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. ‘இந்த நேரத்தில் இதைச் செய்திருக்க வேண்டும், தவறிவிட்டோம்’ என்று ஒருவர் வந்து சொல்லியிருக்கலாம். இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்தாரை உடனே எழுத்துமூலமாகக் கேஸ் ஷீட் நகல் கேட்கச் சொல்லுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அப்புறம், தாய் மரணங்களை ஆய்வு செய்யும் முறை அரசிடம் இருக்கிறது. கலெக்டர் நடத்தும் ஆய்வில் இறந்தவரின் உறவினரையும் அழைத்துக் கேட்க அதில் இடமுண்டு. எங்களையும் கூப்பிடுங்கள் என்று கலெக்டருக்கு மனு கொடுக்கட்டும்.

அந்த நர்ஸையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அன்று இரவு டாக்டருக்கு எத்தனை முறை, எத்தனை மணிக்கு போன் செய்தார் என்பது அவர் செல்போனில் இருக்கும். அழிவதற்குள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.